தக்காளி வேரும் தாவரவியல் வாத்தியாரும்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருடம் தாவரவியல் நடத்தியவன் நான். செடியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்போடுதான் பள்ளிக்கூட வேலையை விட்டேன். அதுவரை ஒரு செடியையாவது நட்டு வளர்த்தவனில்லை என்பது அப்போது பெரிய குறையாகத் தோன்றவில்லை. படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்தால் போதாதா?

காவாந்தண்டலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. செய்யாற்றை ஒட்டிய மணல் கலந்த நிலம். நான் சாக்பீஸ் தூளில் வாழ்ந்துகொண்டிருந்த காலம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டது என் மனைவி. ஒரு போகம் நெல், ஒரு போகம் எள், நடுவில் கொஞ்சம் காய்கறி என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் அப்படி மாற்றுகிறாய் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. வேலையை விட்டு வந்த முதல் மாதமே, அதில் அரை ஏக்கரை எனக்கு விடு, இயற்கை முறையில் தக்காளி போட்டுக் காட்டுகிறேன் என்றேன். அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, சரிங்க என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தேன். எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம், ஊர்க் குழுவில் உட்கார யாருக்கெல்லாம் தகுதி இல்லை என்று ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்த பக்கம். வாட்ஸ்அப் குழுவுக்கு அப்படிக் கல் எதுவும் நடவில்லை. காலையில் எழுந்ததும் முந்நூறு பேர் முந்நூறு பேருக்கு வணக்கம் சொல்வார்கள். பிறகு கரைசல்கள் வரும். பஞ்சகவ்யம், மீன் அமிலம், புளித்த மோர், பப்பாளிப் பழக்கூழ், இன்னும் பெயர் வைக்காத சில. நான் ஒன்றையும் விடவில்லை. கிணற்று மேட்டில் ஏழு நீல டிரம்களை வரிசையாக வைத்துத் தினமும் இரண்டு வேளை வலப்பக்கமாகக் கலக்கினேன். இடப்பக்கமாகக் கலக்கினால் சத்து போய்விடும் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அதை நம்பியவன் அறிவியல் பட்டதாரி. எங்கள் வூட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு போன் பண்ண ஆரம்பித்தார்கள்.

நாற்று விடுவதற்கு ‘உயிர் மண்’ வேண்டும் என்று குழுவில் சொன்னார்கள். பல மாதம் ஏர் படாத, மருந்து படாத, நுண்ணுயிர் நிறைந்த மண். எங்கள் நிலத்துக்குக் கிழக்கே இருக்கும் கொல்லைக்காரர் ஒரு வருடமாக ஒரு துண்டை அப்படியே போட்டு வைத்திருந்தார். முன்பு வெண்டை வைத்திருந்த இடம். புல் மண்டிக் கிடந்தது. எனக்கு அது தபோவனம் மாதிரித் தெரிந்தது. கூடையோடு போய் அவரிடம் கேட்டேன்.

“மண்ணா? எதுக்கு வாத்தியாரே?”

“அதுல உயிர் இருக்குதுங்க. ஒரு பிடியில கோடி நுண்ணுயிர்.”

“இருந்துட்டுப் போவட்டும். எட்த்துக்கினு போ. வெண்டிக்கா பாதியிலயே மஞ்சளாப் பூட்ச்சி, அதான் அப்டியே வுட்டுட்டேன். உனக்கு ராசியா இருந்தா நல்லதுதான.”

வெண்டை ஏன் பாதியில் மஞ்சளானது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். என் வகுப்பில் ஒரு மாணவன் அப்படிக் கேட்காமல் விட்டிருந்தால் முட்டி போட வைத்திருப்பேன். நான் ஆறு கூடை மண்ணை அள்ளிக்கொண்டு வந்து, மஞ்சள் குங்குமம் வைக்காத குறையாக நாற்றங்காலில் பரப்பினேன். விதை முளைத்தது. நாற்று நன்றாகத்தான் வந்தது. தை மாதம் அரை ஏக்கரிலும் நட்டோம். வரப்பு ஓரமாக ஒரே ஒரு வரிசை செண்டுமல்லியும் வைத்தேன். வேர்ப் புழுவை அது விரட்டும் என்று படித்திருந்தேன். அதைவிட, போட்டோவில் மஞ்சள் பார்டர் போட்ட புடவை மாதிரி அழகாக விழுந்தது.

என் மனைவி அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, “மண்ணுக்குள்ள கீற புழு வரப்புல கீற பூவ எப்பிடிங்க பாக்கும்?” என்று கேட்டாள்.

“அது வேதிப்பொருள். உனக்குப் புரியாது” என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

மாசி பிறந்ததும் செடிகள் மதியத்தில் தலையைத் தொங்கப் போட ஆரம்பித்தன. காலையில் நிமிர்ந்து நிற்கும். பதினொரு மணிக்குமேல் ஊறவைத்துப் பிழிந்த துணி மாதிரி துவண்டுவிடும். சாயங்காலம் மறுபடி எழுந்துகொள்ளும். இலை வெளிறியது. பூ வந்தது, பிஞ்சு நிற்கவில்லை. தண்ணீர் விட்டேன், நிமிரவில்லை. குழுவில் கேட்டேன். ஒருவர் மோர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். ஒருவர் பெருங்காயம் என்றார், கரைத்து விட்டேன். ஒருவர் செடியிடம் அன்பாகப் பேசச் சொன்னார். அதையும், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டு நாள் செய்தேன்.

கிழக்குக் கொல்லைக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். “இன்னா வாத்தியாரே, மத்தியானம் ஆனா உன் செடிக்குச் சாமி எறங்குது? குருணை மருந்து தூவு. ரெண்டே நாளு.”

“விஷம் என் நிலத்துக்குள்ள வராதுங்க.”

“அது சரி. மோரு குடிச்சிக்கினு ஆடட்டும்.”

களை எடுக்க வரும் பெண்களுக்கு ஒரு தலைவி உண்டு. பேச்சைக் குறைத்து வேலையைப் பார்க்கிற ஆள். ஒருநாள் வாடிய செடி ஒன்றைக் களைக்கொத்தால் நெம்பி எடுத்து, வேரை உதறி, என் முன்னால் நீட்டினார்.

“சாரு, இத்தப் பாரு. வேரெல்லாம் முண்டு முண்டா கீது.”

வாங்கிப் பார்த்தேன். வேர் முழுக்கச் சின்னதும் பெரிதுமாக முடிச்சு. இஞ்சிக் கிழங்கை நீளமாக இழுத்துவிட்ட மாதிரி. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் வரைந்த படம் கண்முன் வந்தது. வேர் முண்டுகள். காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தரும் பாக்டீரியா குடியிருக்கும் முண்டுகள். நிலக்கடலையில் வரும், உளுந்தில் வரும், அவரைக் குடும்பத்தில் வரும். தக்காளியில் வராது. வராது என்பது எனக்குத் தெரியும். வராதது என் நிலத்தில் வந்திருக்கிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? ஏழு டிரம்மும் உயிர் மண்ணும் சேர்ந்து இயற்கையின் விதியையே மாற்றிவிட்டன என்றுதானே அர்த்தம். அரை நிமிடத்தில் இந்த முடிவுக்கு வந்துவிட்டேன்.

“இது நல்லதும்மா” என்றேன் அந்தப் பெண்ணிடம். “இதுதான் உரம். செடியே தயாரிச்சுக்குது.”

அவர் என்னையும் வேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லதுன்னா செடி ஏன் சாரு சாவுது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

நான் வேரைக் கழுவி, வெள்ளை வேட்டிமேல் வைத்து, நான்கு கோணத்தில் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ‘தக்காளி வேரில் தழைச்சத்து முண்டுகள். இயற்கையின் அற்புதம்.’ அன்று மாலைக்குள் கைதட்டும் பொம்மைகள் நூற்றுக்குமேல் வந்து விழுந்தன. ‘ஐயா, உங்கள் பாதம் தொட்டு வணங்குகிறேன்’ என்று ஒருவர். ‘விஞ்ஞானிகள் வெட்கப்பட வேண்டும்’ என்று ஒருவர். ஒருவராவது ‘தக்காளியிலா?’ என்று கேட்கவில்லை. இரண்டாம் நாள் குழுவை நடத்துகிறவர் போனில் கூப்பிட்டார். உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம் நடக்கிறது, நீங்கள் அரை மணி நேரம் பேச வேண்டும், அந்தச் செடியையும் கொண்டுவாருங்கள் என்றார்.

நான்கு நாள் பேச்சைத் தயார் செய்தேன். மனைவியை உட்கார வைத்து வாசித்தும் காட்டினேன். அவள் முழுக்கக் கேட்டாள்.

“எல்லாம் சரிங்க. மத்தியானம் ஏன் வாடுதுன்னு அதுல வரலையே.”

“நீராவிப்போக்கு” என்றேன்.

“பக்கத்துல நான் வச்சிக்கீற கத்திரிக்கு அந்தப் போக்கு இல்லியா?”

நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று இருப்பதிலேயே முடிச்சு அதிகமாக இருந்த செடியை ஈரச்சாக்கில் சுற்றி வாளியில் வைத்து, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போனேன். மண்டபத்தில் கூட்டம் நன்றாகவே இருந்தது. மூன்றாவது வரிசையில் எங்கள் கிழக்குக் கொல்லைக்காரரும் உட்கார்ந்திருந்தார். சாம்பார் சாதம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு வந்ததாகப் பிறகு சொன்னார். மேடையில் தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் அதிகாரி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னிடம் படித்திருந்தால் பின் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன், அவ்வளவு அமைதி.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். குரல் ஏற்றம் இறக்கம் எல்லாம் இருந்தது. கடைசியில் சாக்கைப் பிரித்து, செடியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, “இதோ, எந்தப் புத்தகத்திலும் இல்லாத அற்புதம்” என்றேன். கைதட்டல் எழுந்தது. அதிகாரி கைதட்டவில்லை. எழுந்து வந்து வேரைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“சார், செடி மதியத்துல வாடிட்டு சாயங்காலம் தெளியுதா?”

“ஆமாம்.”

“இலை மஞ்சளா, காய் சிறுத்து வருதா?”

“கொஞ்சம்.”

“சார், நிலக்கடலை வேர்ல முண்டு எப்படி இருக்கும்?” கேலியே இல்லாமல், மாணவி சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நானும் பழக்கதோஷத்தில் பாடம் சொல்லிவிட்டேன்.

“வேரோட பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டிருக்கும். நகத்தால தள்ளினா உதிரும். கிள்ளிப் பார்த்தா உள்ளே இளஞ்சிவப்பு.”

“இதைத் தள்ளிப் பாருங்களேன்.”

மைக் என் கையில்தான் இருந்தது. நகத்தால் தள்ளினேன். உதிரவில்லை. இன்னொன்றைத் தள்ளினேன். ஒட்டிக்கொண்டிருந்தால்தானே உதிரும்? வேரே வீங்கியிருந்தது. அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தின் ஒரு பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. முண்டுகள் இருந்த பக்கம் அல்ல. பரீட்சைக்கு வராது என்று வருடா வருடம் நான் தாண்டிப்போன பக்கம்.

“வேர்முடிச்சு நூற்புழு” என்றேன். மைக்கில் என் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“ஆமா சார்” என்றார் அவர். “கண்ணுக்குத் தெரியாத புழு. வேருக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு. வேர் வீங்கிப் போனதால தண்ணி மேல ஏறல. அதான் வாடுது. நாத்து எந்த மண்ணுல விட்டீங்க?”

சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன். பக்கத்துக் கொல்லையில், வெண்டை போட்ட இடத்தில், ஆறு கூடை.

“வெண்டைக்கு இந்தப் புழு ரொம்ப இஷ்டம் சார். மணல் மண்ணுன்னா இன்னும் வசதி. நாத்தோட வேர்லயே ஏத்திக்கிட்டு அரை ஏக்கருக்கும் கொண்டுபோய் நட்டிருக்கீங்க.”

மூன்றாவது வரிசையில் கொல்லைக்காரர் எழுந்து நின்றார். “மேடம், அப்ப என் வெண்டிக்காய தின்னதும் இதே புழுவா?”

“பெரும்பாலும் இதுதான் ஐயா.”

“கேட்டியா வாத்தியாரே” என்றார் என்னைப் பார்த்து, உரக்க. “என் வூட்டுப் புழுவ எட்த்துக்கினு போயி மோரு ஊத்தி வளத்துக்கினு கீற.”

மண்டபம் சிரித்து முடிக்க நேரமானது. என் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டலைவிட அது நீளம். நான் செடியை மறுபடி சாக்கில் சுற்றினேன். அதிகாரி என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளில் ஏதோ எழுதிக் கொடுத்தார். படிக்கிற நிலையில் நான் இல்லை. பையில் வைத்துக்கொண்டேன். சாம்பார் சாதத்துக்கும் நிற்கவில்லை.

நான் வருவதற்கு முன்பே செய்தி வூட்டுக்கு வந்திருந்தது. மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவள் சிரிக்கவில்லை. “மேடம் இன்னா பண்ணச் சொன்னாங்க?” என்று மட்டும் கேட்டாள். பையிலிருந்த தாளை நீட்டினேன். அவள் அதை வாசலில் நின்று இரண்டு தடவை படித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகினாள். அன்றிலிருந்து அந்த அரை ஏக்கர் மறுபடி அவளுடையதாகிவிட்டது. யாரும் அறிவிக்கவில்லை.

குழுவில் உண்மையை எழுதினேன். நான் காட்டியது முண்டு இல்லை, நோய், மன்னிக்கவும் என்று. ஒரு பொம்மைகூடக் கை தட்டவில்லை. ‘ஐயா விலை போய்விட்டார்’ என்று ஒருவர் எழுதினார். ‘அவநம்பிக்கை பரப்ப வேண்டாம்’ என்று இன்னொருவர். மறுநாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஏனாத்தூரில் கல்லூரியில் வேலை பார்க்கும் என் மைத்துனன் சில வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினான். என் வேட்டிமேல் என் வேர். ‘தக்காளி வேரில் தழைச்சத்து. அனைவருக்கும் பகிருங்கள்.’ அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து உங்களுக்கு வந்தால் பகிர வேண்டாம்.

செடிகளைப் பிடுங்கும்போது நான் கடைசியாக ஒரு யோசனை சொன்னேன். இத்தனையையும் எரு குழியில் போட்டு மக்கவைக்கலாமே என்று.

“வேர் எல்லாத்தயும் காயவச்சிக் கொளுத்தணும்னு தாள்ல கீது” என்றாள் மனைவி. “குழியில போட்டா அடுத்த வருசம் முழுக் கொல்லைக்கும் நீங்களே பரிமாறுவீங்க.”

சித்திரை வெயிலில் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் நிலத்தை ஆழ உழுது காயவிட்டாள். மண் வறுத்த ரவை மாதிரி ஆனது. நாற்றங்கால் இடத்தை நனைத்து, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து, ஒன்றரை மாதம் வேகவிட்டாள். ஆனியில் அரை ஏக்கர் முழுக்க, கால் வைக்க இடமில்லாமல், செண்டுமல்லி. வரப்பில் இல்லை, நிலத்துக்குள். அதன் வேர் பரவுகிற மண்ணில்தான் அந்தப் புழு பெருகாதாம். நான் வைத்த ஒற்றை வரிசை, கோட்டைக்கு வெளியே பத்தடி தள்ளிக் காவல் நின்ற மாதிரி. பூவைப் பறித்துவிட்டுச் செடியை அங்கேயே மடக்கி உழுதாள். புரட்டாசியில் குறுகிய கால நெல். தண்ணீர் நின்ற வயலில் அந்தப் புழுவுக்கு மூச்சு முட்டும். அதன் பிறகு கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கைத் தூள் செய்து போட்டாள். இவை அத்தனையும் என் பழைய பாடப்புத்தகத்தில் நாலு வரியில் இருந்தன. நான் தாண்டிப்போன அந்தப் பக்கத்தில்தான்.

எனக்கு டிரம் கழுவும் வேலை கிடைத்தது. ஏழில் ஆறைக் கழுவிக் கவிழ்த்தேன். ஒன்றில் நாற்று வேரை நனைத்து நட, ஏதோ நல்ல பாக்டீரியா கரைத்த தண்ணீர். எந்தப் பக்கமாகக் கலக்க வேண்டும் என்று கேட்டேன்.

“கட்டி இல்லாம கலக்குங்க. அவ்ளோதான்” என்றாள்.

மறு தையில் நட்ட தக்காளி மாசி முழுக்க நின்றது. மதிய வெயிலில் நான் பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் தவறாமல் போய்ப் பார்த்தேன். ஒன்றிரண்டைத் தவிர எதுவும் தலை தொங்கவில்லை. பாத்தியில் வைக்கோல் மூடாக்கு, செடிக்குக் குச்சி. பங்குனியில் காய்த்த காயைப் பறிக்க ஆள் போதவில்லை. களைத் தலைவி கூடையோடு வந்து நின்று, “இப்ப வேர்ல உரம் இல்ல போலகீது சாரு, செடி நல்லா கீது” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதிகாரி ஒருநாள் வந்து, மூன்று செடியைப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டில் வேர் வெள்ளையாக, நூல் நூலாக இருந்தது. மூன்றாவதில் கடுகளவு முடிச்சுகள் நாலைந்து. அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்லிவிட எனக்கு வாய் துறுதுறுத்தது. “மூணுல ஒண்ணுல இன்னும் கீது மேடம். அடுத்த போகம் எள்ளு போட்டுர்றேன்” என்றாள் மனைவி. அவர் தலையாட்டினார். இது போகாது, குறைத்து வைத்துக்கொண்டு வாழ வேண்டியதுதான் என்றார். அவர்கள் இருவரும் வரப்பில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். நான் டீ கொண்டுவந்து கொடுத்தேன்.

கிழக்குக் கொல்லைக்காரர் அந்தக் கோடை முழுக்க என் நிலத்தின் பக்கமே திரும்பிப் பார்க்காமல்தான் நடந்தார். குருணை தூவிய அவருடைய கத்திரி, வெண்டை போன வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. ஆனியில் ஒருநாள் காலை வூட்டு வாசலில் வந்து நின்றார். என்னைத் தாண்டி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

“யம்மா, செண்டுமல்லி நாத்து கீதா? மாகறல் கோயிலுக்குப் பூவு தர்றதா வேண்டுதல் ஒண்ணு கீது.”

“எவ்ளோ வேணும்ணா?”

“ஒரு கால் ஏக்கரு ரொம்பற மாரி.”

கால் ஏக்கருக்கு வேண்டிக்கொண்ட பக்தரை நான் அதுவரை பார்த்ததில்லை. வாயைத் திறக்கப் போனேன். மனைவி என் பக்கம் திரும்பாமலே, “சாக்கு எட்த்தாங்க” என்றாள். எடுத்துவந்து கொடுத்தேன். நாற்றங்காலில் விட்டிருந்த செண்டுமல்லி நாற்றைப் பிடுங்கி அதில் கட்டிக் கொடுத்தாள். அவர் நாற்றைக் கொண்டுபோய், கத்திரியைப் பிடுங்கிய இடத்தில், அடுத்தடுத்து நெருக்கமாக நட்டார். நன்றாகத்தான் வந்தது. கொல்லையே மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. கோயிலுக்கு ஒரு கூடைகூடப் போனதாகத் தெரியவில்லை. ஆவணிக் கடைசியில் டிராக்டரைக் கூட்டிவந்து, பூவோடு சேர்த்து மடக்கி உழுதுவிட்டார்.